ஆயிரங்கண் பார்த்த அமைச்சர்

ஆயிரங்கண் தொடங்கி வைக்கப்பட்ட நாளில் மொத்தம் முப்பத்தொரு பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. முப்பது மனிதர்களுக்கு, ஒன்று ஆயிரங்கண் என்ற அந்தக் கணினிக்கு. காற்றோட்டம் அடைபட்டுக் கணினி சூடேறி முனகத் தொடங்கியதும் யாரோ ஓடிவந்து பொன்னாடையை உருவினார்கள். மாநில விண்ணோக்கு நீர் மையத்தின் தலைமை அறிவியலர் முனைவர் ரத்தினசபாபதி அதைக் கண்டு கலங்கவில்லை. "இதுவே இந்த இயந்திரத்தின் முதல் கோளாறு, இதுவே கடைசிக் கோளாறு" என்று மேடையிலேயே அறிவித்தார். "இதுநாள் வரை கண்மாய்களை மனிதன் பார்த்தான். இனி வானம் பார்க்கும். துல்லியம், தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஏழு!"

அந்தப் புள்ளி ஏழுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

கடைசி வரிசையில், ஒரு கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் முத்துராக்கு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொரு வயது, எம்.எஸ்ஸி. புவியியல், நான்கு வருடமாகத் தற்காலிகப் பணி. பதவியின் பெயர் 'கள உண்மை உதவியாளர்'. உண்மைக்கு உதவி தேவைப்படுகிறது என்று கண்டுபிடித்து அதற்கு ஆள் போட்ட முதல் அலுவலகம் அதுவாகத்தான் இருக்கும்.

வேலை இதுதான். செயற்கைக்கோள் மேலிருந்து படம் எடுக்கும். படத்தில் பச்சையாகத் தெரிவது நெல்லா, சீமைக்கருவேலமா, ஆகாயத்தாமரை மூடிய தண்ணீரா என்று கணினிக்குத் தெரியாது. யாராவது நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லப்பட்ட லட்சக்கணக்கான பதில்களைப் படித்துப் படித்து, ஒருநாள் கணினி தானாகவே சொல்லக் கற்றுக்கொள்ளும். நேரில் போய்ப் பார்க்கிற அந்த 'யாராவது' முத்துராக்குவையும் சேர்த்து அறுபத்தைந்து பேர்.

நேரில் என்றால், முருகானந்தம் ஜெராக்ஸ் கடை வரை.

அந்த வட்டாரத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அங்கேதான். மையம் கொடுத்த 'களம்' செயலியில் 'இருப்பிடத் திருத்தம்' என்றொரு வசதி இருந்தது. போன் காட்டும் இடம் நூறு அடி தள்ளி விழுந்தால் விரலால் இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். நூறு அடி இழுக்க முடிந்ததைப் பதினான்கு கிலோமீட்டரும் இழுக்க முடியும் என்பதை முதல் வாரமே அறுபத்தைந்து பேரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். வெயில் நாட்களில் பாதிக் கண்மாய்களுக்காவது வண்டியில் போய் வருவார்கள், அது நிஜம். மழை நாட்களில் விரல்தான் நடக்கும். முத்துராக்கு தன் பதினேழு கண்மாய்களையும் ஆட்காட்டி விரலால் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டு, ஒவ்வொன்றிலும் 'முன்போலவே' என்ற பட்டனை அழுத்திவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். மழையில் படம் எடுத்தனுப்பவும் கட்டாயமில்லை. போன் நனைந்தால் மையம் பொறுப்பல்ல என்று சுற்றறிக்கையே இருந்தது.

இத்தனைக்கும் முத்துராக்கு சந்தேகப் பிராணி. வெண்டைக்காயை நுனி ஒடிக்காமல் வாங்க மாட்டாள். பஸ் கண்டக்டர் சொன்ன நிறுத்தத்தை டிரைவரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்வாள். உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான்.

தொடக்க விழா முடிந்து இரண்டு வருடத்தில் ஆயிரங்கண்ணின் கையில் சாவியும் கொடுக்கப்பட்டது. தலைமதகில் வருகிற வெள்ளத்தை எந்தக் கண்மாய்க்கு எவ்வளவு பிரித்துவிடுவது என்று இனி அதுவே முடிவு செய்யும். ஷட்டர்கள் தாமாகத் திறந்து தாமாக மூடும். கையால் சுற்றுகிற சக்கரங்களைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். சக்கரம் இருந்த இடத்தில் ஒரு பலகை: 'இங்கு மனிதத் தலையீடு தடை செய்யப்பட்டுள்ளது.'

*

கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டு நாளாக வானம் திறக்கவே இல்லை. காலை பத்து மணிக்கு ஜெராக்ஸ் கடையில் முத்துராக்குவின் போன் அடித்தது.

"மேடம், கொம்பூர்லருந்து நீர்பாய்ச்சி சந்தியாகு பேசுறேன். கண்மாய் போர்டுல ஒங்க நம்பர்தான் போட்டிருக்கு."

நீர்பாய்ச்சி என்றால் கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கு வைத்துவிடும் ஊர்ப் பொறுப்பு. கணினி வந்த பிறகும் அந்த ஆளை மட்டும் ஊர் விடவில்லை.

"சொல்லுங்க."

"கண்மாய் தளும்புது. தலைமதகுல எங்க ஷட்டர் தொறந்தே கெடக்கு. இன்னமும் தண்ணி வந்துக்கிட்டே இருக்கு. யாரு சொல்லி அனுப்புறீய?"

முத்துராக்கு ஆயிரங்கண்ணின் வரைபடத்தைத் திறந்தாள். கொம்பூர்: நிரம்பியது பதினொரு சதவீதம். பரிந்துரை: வெள்ளநீரை இங்கே திருப்புக.

"பதினொன்னுதான இருக்கு?"

"பதினொன்னு என்னா மேடம்? பதினோரு அடியா, பதினோரு ஆனையா?"

அவளுக்கு முதலில் சந்தியாகு மேலேயே சந்தேகம் வந்தது. பக்கத்து ஊருக்குத் தண்ணீரைத் தள்ளிவிடப் பொய் சொல்கிறானோ? அடுத்து, கண்மாய்க்குள் மண் எடுக்கும் செங்கல் சூளைக்காரர்கள் மேல். எவனாவது சென்னையில் ஆளைப் பிடித்து எண்ணை மாற்றியிருப்பானோ? மூன்றாவதாக, எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்த பூமிநாதன் மேல். அவனும் கள உண்மை உதவியாளன்தான். பக்கத்துப் பதினாறு கண்மாய்கள் அவன் விரலில்.

"ஏப்பா பூமி, கொம்பூர் கணக்குல கைய வச்சியா?"

"நான் எதுலயும் கைய வைக்கிறதில்லக்கா. மூணு வருசமா 'முன்போலவே' தவிர வேற பட்டன் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

அவள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆறு வருடத்தில் கொம்பூர்க் கண்மாயை நூற்று நாற்பது முறை பார்வையிட்டதாகப் பதிவில் இருந்தது. வழி தெரியாமல் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்திக் கேட்டாள்.

கரையில் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்ற மனிதனுக்கு அவள் வயதுதான் இருக்கும்.

"நீங்கதானா அந்த மேடம்?" சந்தியாகு அவளை மேலும் கீழும் பார்த்தான். "நூத்தி நாப்பது தடவ வந்துட்டுப் போனதா நெட்டுல போட்டுருக்காக. நானும் தெனமும் இங்கதான் நிக்கிறேன். ஒருக்காக்கூடக் கண்ணுல படலியே. நெட்டையா இருப்பீயன்னு நெனச்சேன்."

அவள் கண்மாய்ப் பக்கம் திரும்பினாள். கருவேலங்காட்டின் கழுத்துவரை தண்ணீர். கரையின் உச்சிக்கும் அலைக்கும் நடுவே முக்கால் முழம் இருந்தால் அதிகம். உபரித் தண்ணீர் வழிய வேண்டிய கலுங்கில் முறிந்த கருவேலங்கிளைகள் அடைத்துக் கிடந்தன. மறுபக்கம், கரைக்குக் கீழே, கைக்கெட்டும் பள்ளத்தில் ஊர். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, ஒரு மாதா கோயில், ஒரு பால்வாடி.

"இங்க வந்து பாருங்க." கரையின் அடிவாரத்தில் ஒரு கசிவைக் காட்டினான். "தெளிவா கசிஞ்சா பயமில்ல. இது காப்பி மாதிரி வருது. உள்ள மண்ணு கரைஞ்சு போவுது."

"ஊர்க்காரங்கள மேட்டுக்குப் போகச் சொல்லலியா?"

"சொன்னேனே. ஆளாளுக்கு போனத் தொறந்து பாத்துட்டு, 'பதினொன்னுன்னுல்ல இருக்கு, ஏன்யா பீதியக் கெளப்புற?'ங்கிறாக. எம்பொண்டாட்டியே கேக்குறா."

முத்துராக்கு கரைமேல் நின்று செயலியைத் திறந்தாள். இருப்பிடத் திருத்தம் தேவைப்படவில்லை. அவள் நிற்கும் இடமும் போன் காட்டும் இடமும் முதல்முறையாக ஒன்றாக இருந்தன. 'நிறைந்தது' என்று அழுத்தினாள். சில நொடிகளில் பதில் வந்தது.

'நன்றி. தங்கள் பதிவு வழக்கத்துக்கு மாறானது. இதே வேளையில் அண்டையிலுள்ள பதினாறு கண்மாய்களும் முன்போலவே உள்ளன. தங்கள் நம்பகப் புள்ளி தொண்ணூற்றொன்பதிலிருந்து அறுபத்தொன்றாகக் குறைக்கப்படுகிறது.'

பூமிநாதன் முறுக்கைத் தின்று முடித்துவிட்டான் என்று புரிந்தது.

*

சென்னை மையத்தில் முத்துராக்குவுக்குத் தெரிந்த ஒரே ஆள் நஸ்ரின். கீழக்கரைப் பெண், ஆயிரங்கண்ணுக்குப் பாடம் நடத்துகிற குழுவில் இளைய பொறியாளர். போனை எடுத்ததும் முத்துராக்கு படபடவென்று கொட்டினாள்.

"யாரோ உள்ள புகுந்து மாத்திருக்காங்க நஸ்ரின். சூளைக்காரங்களா, கான்ட்ராக்டரான்னு பாரு. எனக்குச் சந்தேகமா இருக்கு."

"இருங்கக்கா, பாக்குறேன்." விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "யாரும் புகலக்கா. அதுவாத்தான் பதினொன்னுங்குது."

"அதெப்படி? மேல ரெண்டு கோள் சுத்துதில்ல?"

"ஒன்னு சாதாரணக் கேமரா மாதிரி. மேகம் வந்தா அதுக்குக் கண்ணு தெரியாது. இன்னொன்னு ராடார். மேகத்துக்குள்ள பாக்கும். ஆனா கண்மாய்க்குள்ள கருவேலம் காடா நிக்குதுல்ல? அதுக்குத் தண்ணி தெரியாது, காடுதான் தெரியும். ரெண்டும் கைவிட்டா, 'இந்த மாதிரி நாள்ல முன்னாடி என்ன நடந்துச்சு'ன்னு பாத்துச் சொல்லும். அதுதானேக்கா அது படிச்ச படிப்பே." நஸ்ரினின் குரல் தாழ்ந்தது. "அக்கா... மழை நாள்ல எல்லாம் நீங்க என்ன போட்டிருக்கீங்க?"

"முன்போலவே" என்றாள் முத்துராக்கு.

"நீங்க மட்டுமில்லக்கா, அறுபத்தஞ்சு பேரும். ஆறு வருசம். வானம் மூடினா 'முன்போலவே'. அதத்தான் அது கத்துக்கிட்டிருக்கு. கண்மாயக் கத்துக்கல. உங்களக் கத்துக்கிட்டிருக்கு."

"அப்ப அந்தத் தொண்ணூத்தெட்டுப் புள்ளி ஏழு?"

"அதச் சோதிச்சுப் பாத்ததும் உங்க பதிவ வச்சுத்தான். கேள்வித்தாளும் நீங்க, விடைத்தாளும் நீங்க. நூறு வராதது ஆச்சரியம்."

குற்றவாளியைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அவளுடைய ஆட்காட்டி விரல். மழையில் நனைந்து, நுனி சுருங்கி, போனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ரத்தினசபாபதி சார்ட்ட குடு."

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். பின்னணியில் யாரோ ஆங்கிலத்தில் அவருடைய பட்டங்களை வரிசையாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் ஒரு பன்னாட்டு மாநாடு.

"அம்மா, நீங்கள் எத்தனை கண்மாய் பார்த்திருப்பீர்கள்?"

முத்துராக்கு உண்மையான எண்ணைச் சொல்லத் தயங்கினாள்.

"அது முப்பத்தாறு கோடி படம் பார்த்திருக்கிறது. நீங்கள் ஒரு கரையில் நின்றுகொண்டு அதைத் தப்பு என்கிறீர்கள்."

"சார், தண்ணி என் காலுக்குக் கீழ இருக்கு."

"உணர்ச்சிவசப்படாதீர்கள். தரையும் வரைபடமும் ஒத்துப்போகவில்லை என்றால் தரையை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று நெறிமுறையில் தெளிவாக இருக்கிறது. எழுதி அனுப்புங்கள். மூன்று வேலை நாள்."

வைத்துவிட்டார். சந்தியாகு ஒரு குச்சியைத் தண்ணீர் விளிம்பில் குத்தி வைத்திருந்தான். அவர்கள் பேசி முடிப்பதற்குள் குச்சி பாதி முழுகியிருந்தது.

"ஷட்டர மூட அதுக்கு வேற என்னதான் சொல்லணுமாம்?" என்றான். "திருவிழான்னு சொன்னா மூடுமா? சாவுன்னு சொன்னா?"

"மூடாது. ரெண்டுக்கும் பட்டன் இருக்கு. பதிஞ்சு வச்சுக்கும், அவ்வளவுதான்."

"ஒரு தரம் மூடிச்சே. கால்வாய்க்கரைல பூங்கா தொறந்தாகளே, அமைச்சர் பேசிக்கிட்டிருக்கப்ப தண்ணி வந்து வேட்டிய நனைச்சிருச்சுன்னு..."

அவன் சொல்லி முடிக்கும் முன்பே முத்துராக்கு செயலியின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டாள். அந்த வேட்டி நனைந்த மறுநாள் சேர்க்கப்பட்ட விதி அது. 'பிற காரணங்கள்: முக்கியப் பிரமுகர் வருகை.' வருகை பதிவான இடத்தின் எல்லா ஷட்டரும் உடனே மூடப்படும். மற்ற எல்லாப் பதிவையும் சந்தேகித்து, ஒப்பிட்டு, புள்ளி குறைக்கிற ஆயிரங்கண் இதை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்கும்படி எழுதப்பட்டிருந்தது. அமைச்சர் வருகிறார் என்ற செய்தியைச் சந்தேகிக்க எந்தப் பொறியாளருக்குத் துணிச்சல் வரும்?

அழுத்தினாள்.

ஒன்பது நிமிடத்தில் வரத்துக் கால்வாயின் இரைச்சல் குறைந்தது. சந்தியாகுவின் குச்சி அதற்கு மேல் முழுகவில்லை.

"எந்த அமைச்சர் மேடம்?" என்றான் மெதுவாக.

"அது கேக்கல."

பிற்பகல் ஒரு மணிக்குள் கொம்பூருக்குப் பதினான்கு வண்டிகள் வந்தன. துணை வட்டாட்சியர் கோதண்டபாணி முதல் ஜீப்பிலிருந்து குதித்து, அமைச்சரின் கார் சேற்றில் இறங்கிவிடக் கூடாது என்று கரை முழுக்க எழுபது லோடு கிராவல் கொட்டச் சொன்னார். புகைப்படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று கலுங்கில் அடைத்திருந்த கிளைகளை வெட்டி அகற்றினார்கள். காப்பி நிறக் கசிவு அமைச்சர் கண்ணில் பட்டால் வம்பு என்று மணல் மூட்டை அடுக்கி மறைத்தார்கள். முப்பது வருடமாக மனு கொடுத்து நடக்காத மராமத்து, மூன்று மணி நேரத்தில் முடிந்தது.

நான்கு மணிக்கு அமைச்சரே வந்துவிட்டார்! வரைபடத்தில் வருகை இருப்பதைப் பார்த்த அவருடைய உதவியாளர், தான்தான் மறந்துவிட்டோம் போல என்று பயந்து நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டார். அமைச்சர் குடைக்குக் கீழே நின்று ஆயிரங்கண்ணின் தொலைநோக்கைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசினார். கரை நின்றது.

வருகை உறுதியானதால் முத்துராக்குவின் நம்பகப் புள்ளி மறுபடியும் தொண்ணூற்றொன்பது ஆனது. அவள் 'நிறைந்தது' என்று பதிவிட்டது மட்டும் பிழையாகவே கோப்பில் இருந்தது. அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

*

செய்தி ஜெராக்ஸ் கடை வழியாகப் பரவியது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் இன்னும் பத்துக் கண்மாய்களில் கரை நெகிழ்ந்தது. பத்திலும் அமைச்சர் வருகை பதிவானது. பத்துக்கும் அவரால் போக முடியவில்லை. ஆனால் கிராவல் போனது. பூமிநாதனே ஒரு தடவை ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஒரு கரை வரை போய்விட்டு வந்து, இரண்டு நாள் ஜலதோஷத்தில் படுத்தான்.

அந்த வருட அறிக்கையில் துல்லியம் தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஒன்பது. இவ்வளவு துல்லியமான இயந்திரத்துக்கு மனிதர்களின் உதவி எதற்கு என்று மையத்துக்குத் தோன்றியது. புதிய பதிவுகளையெல்லாம் கொடுத்து ஆயிரங்கண்ணை மறுபடி படிக்க வைத்தார்கள். இனிமேல் களப் பதிவையும் அதுவே போட்டுக்கொள்ளும். அறுபத்தைந்து பேரில் ஒன்பது பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தொண்ணூற்றொன்பது புள்ளியால் முத்துராக்கு தப்பினாள். பூமிநாதன் முருகானந்தம் ஜெராக்ஸ் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தான். ஸ்டூலைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

முத்துராக்கு இப்போது நிஜமாகவே போனாள். பதினேழுக்கும், மழையிலும். எதையும் நம்பாத பழைய குணத்தைத் தன்மேலும் திருப்பிக்கொண்டதால், எழுதிய பதிவை அனுப்பும் முன் தண்ணீரில் ஒருமுறை கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். அவள் அனுப்பியதை ஆயிரங்கண் மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டது.

அடுத்த கார்த்திகை. ஐந்து நாள் விடாத மழைக்குப் பிறகு, ஒரு வியாழக்கிழமை காலை, வரைபடத்தில் ஓர் அறிவிப்பு:

'வெள்ளாரணிக் கண்மாய். முக்கியப் பிரமுகர் வருகை. மாலை ஐந்து மணிக்குள். உறுதி: தொண்ணூற்று மூன்று சதவீதம்.'

வெள்ளாரணி அவள் பொறுப்பில் இல்லை. பழைய பொறுப்பாளர் பூமிநாதன். கடைக்குப் போன் போட்டாள்.

"நீ போட்டியா?"

"நான் வேலைய விட்டு எட்டு மாசமாச்சுக்கா. இப்ப நான் போடுறதெல்லாம் ஆதார் கார்டு நகல்தான்."

வருகைக்கு நேரம் உண்டு, இடம் உண்டு. சதவீதம் எதற்கு? நஸ்ரினை அழைத்தாள்.

"இது யாரு போட்டது?"

"காலைலருந்து நானும் அதத்தான்க்கா தேடிக்கிட்டிருக்கேன். யாரும் போடல. அதுவே போட்டிருக்கு."

"அமைச்சர் எங்க இருக்காரு?"

"டெல்லில. நாளைக்குத்தான் வர்றார்." நஸ்ரின் வேகமாகப் பேசினாள். "போன வருசம் பதினோரு இடத்துல வருகை போட்டீங்கல்ல? அந்தப் பதினொன்னையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன்க்கா. எல்லாத்துலயும் ஒன்னுதான். விடாத மழை, உள்ள கருவேலம், பழைய மண்கரை, கரைல ஈரம் ஏறிக்கிட்டே வருது. அமைச்சர் எப்ப வருவார்னு அது கத்துக்கிட்டிருக்கு."

"நிறைஞ்சிருச்சு, ஒடையப் போகுதுன்னு நேரா சொல்ல வேண்டியதுதான?"

"அந்த வார்த்தைய மழை நாள்ல நாம அதுக்குச் சொல்லிக் குடுக்கவே இல்லியேக்கா. தெரிஞ்ச வார்த்தைல சொல்லுது."

*

அவள் வெள்ளாரணி போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. வருகைப் பதிவால் ஷட்டர்கள் முன்னமே மூடிக்கொண்டிருந்தன. ஆனால் இந்தத் தண்ணீர் தலைமதகிலிருந்து வரவில்லை. சுற்றியுள்ள பொட்டல் எல்லாம் வடிந்து ஓடைகளாக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஷட்டர் கிடையாது.

கரையின் மேல் இருபதடி அலங்கார வளைவு. பூக்களால் 'வருக! வருக!' கரைக்குக் கீழே நாதஸ்வரம், தவில், பிளாஸ்டிக் கூரையின்கீழ் நாற்காலிகள், கையில் காகிதக் கொடியோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள், குத்துவிளக்கோடு மகளிர் குழு. ஊரில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் அந்தப் பள்ளத்தில்தான் நின்றார்கள். போன வருடம் கொம்பூரில் செலவழித்த கிராவலுக்குத் தணிக்கையில் கேள்வி வந்திருந்ததால், இந்த முறை கோதண்டபாணி கரைக்குச் சிவப்புக் கம்பளம் மட்டும் விரித்திருந்தார். கம்பளத்தின் ஓரம் காப்பி நிறத்தில் நனைந்திருந்தது.

"சார், எல்லாரையும் மேட்டுக்கு அனுப்புங்க. கரை ஒடையப் போகுது."

"மேடம், வரைபடத்துல அப்படி எதுவும் இல்லியே."

"அந்த வருகைதான் சார் அது. அமைச்சர் டெல்லில இருக்கார்."

"இருப்பார். கிளம்பியிருப்பார்." கோதண்டபாணி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தொண்ணூத்து மூணு சதவீதம்மா. சாதாரணமா அவர் பிஏ சொன்னாலே அம்பதுதான் நம்பலாம். அமைச்சர் வர்ற நேரத்துல கரை ஒடையுமா? நல்லாச் சொன்னீங்க போங்க."

அவர் தவில்காரரைப் பார்த்துக் கையசைத்தார். தவில் முழங்கியது. அதற்கடியில், கரையின் வயிற்றுக்குள்ளிருந்து, வேறொரு சத்தம் கேட்பது போல முத்துராக்குவுக்கு இருந்தது.

கத்தலாம். பைத்தியம் என்பார்கள். 'நிறைந்தது' என்று பதியலாம். பரிசீலிப்பார்கள், மூன்று வேலை நாள். அவள் தென்னை மரத்தடிக்கு ஒதுங்கி, போனைத் துடைத்து, அந்த வருகைப் பதிவைத் திறந்தாள். கீழே, சின்ன எழுத்தில், அந்தப் பழைய வசதி இன்னும் இருந்தது. இருப்பிடத் திருத்தம். எட்டு மாதமாக அவள் தொடாத பட்டன்.

ஆட்காட்டி விரலைக் கரையின் மேல் வைத்தாள். அமைச்சரை மெல்ல இழுத்தாள். பள்ளத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டி, மாதுளைத் தோட்டத்தைத் தாண்டி, வடக்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, பாறை மேட்டில் இருக்கும் மேல்நிலைப் பள்ளியின் மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

கோதண்டபாணியின் போன் கிணுகிணுத்தது. பிறகு தலையாரியின் போன், பஞ்சாயத்து எழுத்தரின் போன், ஒலிபெருக்கிக்காரனின் போன்.

"எடம் மாறிருச்சு! மேட்டுப் பள்ளிக்கூடம்! எல்லாரும் மேட்டுக்கு!" கோதண்டபாணி மைக்கைப் பிடுங்கி அலறினார். "நாற்காலிய எடுங்க! பிள்ளைங்கள மொதல்ல ஓட்டுங்க! கிழவன் கிழவி ஒருத்தர் விடாம வரணும், கூட்டம் கம்மியாத் தெரியக் கூடாது! வீட்டுக்குள்ள யாரு இருந்தாலும் கூட்டிட்டு வாங்க!"

வெள்ளத்துக்கு விலகாத ஊர் அரை மணியில் காலியானது. படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு பேரைக்கூட, முதியோர் நலத்துறைப் பயனாளிகளாகக் காட்டலாம் என்று டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முத்துராக்கு கடைசி வீடு வரை தட்டிப் பார்த்துவிட்டு வண்டியை மேட்டுக்கு விட்டாள். வளைவை மட்டும் பிடுங்க நேரமில்லாமல் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

மைதானத்தில் நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது. எல்லாரும் தெற்குச் சாலையைப் பார்த்துக்கொண்டு, கொடிகளோடு, குத்துவிளக்குகளோடு நின்றார்கள். அறிவிப்பில் ஐந்து மணி என்றிருந்தது. நான்கு நாற்பதுக்கு, தெற்கிலிருந்து, நூறு லாரிகள் ஒரே நேரத்தில் கிராவல் கொட்டுவது போல ஒரு சத்தம் வந்தது.

நாதஸ்வரக்காரர் பாதியில் குழலை எடுத்தார்.

மேட்டிலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரியும். இப்போது ஓட்டுக்கூரைகளின் உச்சிகள் மட்டும் தெரிந்தன. செந்தண்ணீர் மாதுளைத் தோட்டத்துக்குள் நுழைந்து, பாறை மேட்டின் காலடி வரை வந்து நின்றது. அதன் மேல் பூக்கள் கலையாமல், மல்லாந்தபடி, இருபதடி வளைவு மெதுவாக மிதந்து வந்தது. வருக! வருக!

ஒரு பிள்ளை பழக்கதோஷத்தில் கொடியை ஆட்டியது. அதன் தாய் கையைப் பிடித்து இறக்கினாள்.

கோதண்டபாணி முத்துராக்குவின் பக்கத்தில் வந்து நின்றார். கையிலிருந்த ரோஜா மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"மேடம்," என்றார். "அப்ப... அமைச்சர்?"

முத்துராக்கு தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வந்துட்டார், சார்."